களிம்பேறிய காசுகள்

பித்தளையும் செம்பும் வீட்டில் இருந்தால் அவற்றைப் புளியிட்டுத் துலக்கிப் பொன்போல் மின்னவைப்பதே குடித்தனத்தின் லட்சணம் என்று எண்ணும் வழக்கத்தில் வளர்ந்த நான், பத்து வயதில் எனக்குக் கிடைத்த முதல் பழங்காசுக்கும் அந்த உபசாரத்தையே செய்தேன். மதுரையில் உத்தியோகம் பார்த்துவந்த என் பெரியப்பா, வைகை மணலில் பொறுக்கியவர்களிடம் அரையணா கொடுத்து வாங்கியதாகச் சொல்லி, சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிதாய், பாசி படிந்ததுபோல் பச்சை நிறங்கொண்ட ஒரு செப்புக் காசை என் உள்ளங்கையில் வைத்து, "இது யவனக் காசு, வெளிச்சத்தில் சாய்த்துப் பார், ஒரு தலை தெரியும்" என்றார். சாய்த்துப் பார்த்தேன், முத்துப்பட்டம் கட்டிய ஒரு சிரசின் சாயல், புகைமூட்டத்துக்கு அப்பால் நிற்கும் மனிதனைப்போல மங்கலாகத் தெரிந்தது. அது இன்னும் நன்றாகத் தெரியவேண்டும் என்ற ஆவலினால், அடுக்களையிலிருந்து புளிச்சக்கையை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய், துவைகல்லின் மேல் வைத்துத் தேய்த்தேன். களிம்பு போயிற்று, களிம்போடு தலையும் போயிற்று, சிவந்த வழவழப்பான ஒரு செப்புத் தகடு மாத்திரம் மிஞ்சியது. பெரியப்பா கோபித்துக்கொள்ளவில்லை. "காசைச் சுத்தம் பண்ணிவிட்டாய்; அதிலிருந்த ராஜாவும் சுத்தமாகப் போய்விட்டான்" என்று சொல்லிவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறந்துகொண்டார்.

ரோமானியரின் செப்பு, பித்தளை, வெண்கலக் காசுகளைச் சேர்க்கும் வழக்கத்துக்கு ஐரோப்பாவில் ஏறத்தாழ அறுநூறு ஆண்டுச் சரித்திரம் உண்டு. அந்தச் சரித்திரத்தைப் பின்னாளில் சிறிது சிறிதாகப் படித்து அறிந்தபோது, கிணற்றடியில் நான் செய்த காரியத்தையே மகா பண்டிதர்களும் பிரபுக்களும் பொற்கொல்லர்களும் தத்தம் காலத்தில் வேறு வேறு விதமாகச் செய்திருக்கிறார்கள் என்பதையும், காசைத் தேடிப் பிடிப்பதைவிடக் கிடைத்த காசின் மேல் கை வைக்காமல் இருப்பதே அரிது என்பதை அவர்கள் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டதே இந்தக் கலையின் வளர்ச்சி என்பதையும் கண்டு, ஒருவகையில் ஆறுதலே அடைந்தேன்.

ரோமாபுரியில் நாணயம் என்பதே முதலில் செம்பாகத்தான் பிறந்தது. அச்சில் அடிக்காமல் வார்த்தெடுத்த 'ஆஸ்' என்னும் கனத்த காசு, ஆரம்பத்தில் ஒரு ரோமானிய ராத்தல், அதாவது இன்றைய கணக்கில் 320 கிராமுக்கு மேற்பட்ட எடை கொண்டிருந்தது. நாலைந்து காசுகளைக் கொண்டுபோக ஒரு கூடை வேண்டியிருக்கும். அதன் ஒரு பக்கத்தில் முன்னும் பின்னும் பார்க்கும் இருமுகத் தெய்வமாகிய ஜானஸின் தலையும், மறுபக்கத்தில் கப்பலின் முகப்பும் இருந்தன. நம் ஊர்ப் பையன்கள் 'பூவா தலையா' என்று காசைச் சுண்டுவதுபோல, ரோமாபுரிப் பையன்கள் 'தலையா கப்பலா' என்று கேட்டுச் சுண்டினார்கள். காசின் எடை குறைந்து, கப்பல் மறைந்து, வேறு உருவங்கள் வந்த பிறகும் அந்த விளையாட்டின் பெயர் மாறாமல் நிலைத்திருந்தது என்று, பல நூற்றாண்டுகளுக்குப் பின் வாழ்ந்த மக்ரோபியஸ் என்னும் ஆசிரியர் எழுதிவைத்திருக்கிறார். ராஜாங்கம் மறந்துவிட்ட அச்சைத் தெருப்பையன்கள் ஞாபகத்தில் வைத்திருந்தார்கள்.

கி.மு. 23-ஐ ஒட்டி அகஸ்டஸ் சக்கரவர்த்தி நாணய முறையைச் சீர்திருத்தியபோது, தாழ்ந்த உலோகக் காசுகளுக்கும் ஒரு கௌரவமான ஸ்தானம் ஏற்பட்டது. 'ஓரிகால்கம்' என்ற பொன்னிறப் பித்தளையில் செஸ்டெர்டியஸும் அதில் பாதி மதிப்புள்ள துபோந்தியஸும், செம்பில் ஆஸும் அதன் காற்பங்காகிய குவாட்ரன்ஸும் அடிக்கப்பட்டன. நான்கு ஆஸ் ஒரு செஸ்டெர்டியஸ். நான்கு செஸ்டெர்டியஸ் ஒரு வெள்ளித் தினாரியஸ். இருபத்தைந்து தினாரியஸ் ஒரு பொன் ஔரியஸ். பொற்காசு செனட்டர்களின் பெட்டியிலும் வெள்ளிக்காசு சிப்பாய்களின் சம்பளப் பையிலும் இருந்தன என்றால், பொழுது விடிந்தது முதல் பொழுது சாயும்வரை சந்தையில் கைமாறியவை இந்தச் செம்பும் பித்தளையுமே. பொதுக் குளியல் மண்டபத்தில் நுழைய ஒரு குவாட்ரன்ஸ் போதும். எல்லையில் காவல் நிற்கும் படைவீரனுக்கு நாளொன்றுக்குப் பத்து ஆஸ் கூலி என்று வீரர்களே முறையிட்டதாகச் சரித்திராசிரியர் டாசிடஸ் எழுதுகிறார்.

செஸ்டெர்டியஸைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கம்பீரம் தெரியும். நம்முடைய பழைய வெள்ளி ரூபாயைவிடச் சற்று அகன்றதாய், எடையில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலாய், சுமார் 25 கிராம் கனத்தோடு உள்ளங்கையை நிறைத்துக்கொண்டு அது உட்காரும். தலைப்பக்கத்தில் சக்கரவர்த்தியின் பக்கவாட்டு முகம், கழுத்தின் மடிப்பும் மூக்கின் வளைவும் தப்பாமல் செதுக்கப்பட்டிருக்கும். நீரோ இளமையில் மெலிந்திருந்து ஆண்டுக்கு ஆண்டு தாடை தடித்துக்கொண்டே போவதை வரிசையாக வைத்துப் பார்க்கலாம். வெஸ்பாசியனின் வழுக்கையும் சுருக்கங்களும், தலையாரிக் கிழவர் ஒருவரைப் பார்ப்பதுபோல, எந்த முகஸ்துதியும் இல்லாமல் நம்மைப் பார்க்கும். மறுபக்கத்தில், பெரும்பாலும் 'செனட் சபையின் தீர்மானப்படி' என்பதைக் குறிக்கும் 'எஸ்', 'சி' என்ற இரண்டு எழுத்துகளுக்கு நடுவே, ராஜாங்கம் தன் பிரஜைகளுக்குச் சொல்ல விரும்பிய செய்தி சித்திரமாக இருக்கும். ஆஸ்டியாத் துறைமுகத்தின் வளைந்த கரைகளையும் அவற்றுக்கிடையே நிற்கும் கப்பல்களையும் நீரோவின் காசில் எண்ணிப் பார்க்கலாம். புதிதாகத் திறக்கப்பட்ட கொலோசியத்தை, உள்ளே கூடியிருக்கும் ஜனத்திரளோடு, டைட்டஸின் காசில் பறவைப் பார்வையாகக் காணலாம். பேரீச்சை மரத்தடியில் தலையைக் கையில் தாங்கி அழும் பெண்ணாக, வீழ்ந்த யூதேயாவை வெஸ்பாசியனின் காசு காட்டும். ஹாட்ரியன் ஆட்சிக்கு வந்த புதிதில் அரசாங்கத்துக்கு வரவேண்டிய பழைய பாக்கி 90 கோடி செஸ்டெர்டியஸைத் தள்ளுபடி செய்தபோது, கடன் பத்திரங்களைக் குவித்து அவற்றுக்குத் தீவட்டியால் நெருப்பு வைக்கும் சேவகனின் உருவத்தை, பாக்கியின் தொகையையும் எழுத்தில் பொறித்து, காசில் அடித்துவிட்டார். படிக்கத் தெரியாதவனுக்கும் கடன்பத்திரம் எரிவது புரியுமல்லவா?

அரசனின் கீர்த்தியைச் சுமந்த காசு அவனுடைய வீழ்ச்சியையும் சுமந்தது. கலிகுலா கொல்லப்பட்ட பின், அவன் முகம் பொறித்த பித்தளைக் காசுகளை உருக்கிவிடுமாறு செனட் சபை கட்டளையிட்டதாக டியோ என்ற சரித்திராசிரியர் குறிப்பிடுகிறார். டைபீரியஸ் சக்கரவர்த்தியின் நம்பிக்கைக்குரிய மந்திரியாக இருந்து கி.பி. 31-இல் உயிர் இழந்த செஜானஸின் பெயர், ஸ்பெயினில் பில்பிலிஸ் என்னும் ஊரில் அடித்த செப்புக் காசுகளில் இருந்தது. அந்தக் காசுகள் சிலவற்றில் சக்கரவர்த்தியின் பெயரைத் தொடாமல் செஜானஸின் பெயரை மாத்திரம் உளியால் சுரண்டியிருக்கிறார்கள். தன் பையில் துரோகியின் பெயரை வைத்துக்கொள்ளப் பயந்த யாரோ ஒரு சாமானியன், விளக்கு வெளிச்சத்தில் குனிந்து உட்கார்ந்து அந்த எழுத்துகளை அழித்த அவசரம், இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் கீறல் கீறலாக அதில் நிற்கிறது.

மூன்றாம் நூற்றாண்டின் உள்நாட்டுக் கலகங்களும் எல்லை யுத்தங்களும் கஜானாவை வறளச் செய்தன. வெள்ளியில் செம்பு கலந்து, பின் செம்பில் வெள்ளி பூசி, கடைசியில் பூச்சும் போய்விட, மதிப்பிழந்த அந்தக் காசுக்கு முன் நல்ல பித்தளைச் செஸ்டெர்டியஸ் கட்டுப்படியாகாமல் மறைந்தது. 294-ஐ ஒட்டி டயோக்ளீஷியன், சுமார் 10 கிராம் எடையில் மெல்லிய வெள்ளிப் பூச்சுடன் ஒரு பெரிய வெண்கலக் காசைப் புகுத்தி, லண்டன் முதல் அலெக்ஸாந்திரியா வரை ஒரேவிதமாக அதை அடிக்கச் செய்தார். சேகரிப்பவர்கள் அதை 'ஃபொல்லிஸ்' என்கிறார்கள். ஆனால் அதுவும் நிலைக்கவில்லை. கான்ஸ்டன்டைன் குடும்பத்தார் காலத்தில் ஆண்டுக்கு ஆண்டு அது இளைத்தது. இரண்டு வீரர்களுக்கு நடுவே இரண்டு படைக்கொடிகள் நின்ற காசு, எடை குறைந்து இடம் சுருங்கியபோது ஒரே கொடியோடு அடிக்கப்பட்டது. கொடியை எண்ணியே அதன் காலத்தைச் சொல்லிவிடலாம். தியோடோசியஸ் சக்கரவர்த்தியின் மக்கள் காலத்தில் அது ஒரு கிராம் எடையுள்ள ஒரு துளியாக, நம் பக்கத்துச் சல்லிக்காசுபோல் ஆகிவிட்டது.

இந்தக் காசுகளைச் சேர்க்கும் ஆசை ரோமாபுரியிலேயே முளைத்ததுதான். அகஸ்டஸ், சாட்டர்ன் திருவிழாவில் தம் விருந்தினருக்குப் பழைய அரசர்களின் காசுகளையும் அந்நிய தேசத்துக் காசுகளையும் பரிசளிப்பது உண்டு என்று சரித்திராசிரியர் சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார். எனினும் அதை ஒரு வித்தையாக்கிய பெருமை இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க்கைச் சேரும். ரோமாபுரியைச் சுற்றியிருந்த திராட்சைத் தோட்டங்களில் மண் வெட்டுகிறவர்கள், கொத்துமுனையில் தட்டுப்பட்ட காசையோ செதுக்கிய கல்லையோ எடுத்துக்கொண்டு அவரிடம் வந்து, அதிலிருக்கும் முகம் யாருடையது என்று கேட்பார்களாம். 1354-இல் மாந்துவா நகரில் நான்காம் சார்லஸ் மன்னரைச் சந்தித்தபோது, சக்கரவர்த்திகளின் முகம் பொறித்த பொன், வெள்ளிக் காசுகள் சிலவற்றைக் காணிக்கையாகக் கொடுத்து, 'இவர்களைப்போல் நடந்துகொள்ளும்' என்ற பொருள்பட அவர் உபதேசமும் செய்தார். கொடுத்தவை பொன்னும் வெள்ளியுமே என்பதைக் கவனிக்க வேண்டும். காசு அப்போது ஒரு முகக்கண்ணாடி; அதில் மகாபுருஷர்களின் முகம் தெரிந்தால் போதும்; செம்பையும் களிம்பையும் மன்னர் கையில் வைக்க மனம் வருமா?

பித்தளையின் முறை 16-ஆம் நூற்றாண்டில் வந்தது. செஸ்டெர்டியஸின் அகலமும் அதில் நிறைந்திருந்த சித்திரங்களும் அக்காலத்து ஓவியர்களையும் சிற்பிகளையும் மயக்கின. இவ்வளவு அழகான பொருளைக் கறிகாய் வாங்கவா கொடுத்திருப்பார்கள் என்ற சந்தேகமும் அதோடு எழுந்தது. 1555-இல் வெனிஸில் நூல் வெளியிட்ட ஏனியா வீக்கோ, இவை சாதாரணப் பணமே என்று வாதித்தார். நான்கு ஆண்டு கழித்து செபாஸ்தியானோ எரிட்ஸோ, அப்படியல்ல, இவை ஞாபகார்த்தப் பதக்கங்களே என்று மறுத்தார். வீக்கோ சொன்னதே சரி என்று பின்னால் முடிவாயிற்று. ஆயினும் எரிட்ஸோவின் பிழை ரசிகனின் பிழை. அழகுள்ளது எதுவும் அடுப்படிக்கு உதவாது என்று நினைக்கும் பிழை. சந்தைக்காரியின் மடியிலிருந்து அந்தக் காசைப் பிடுங்கி மாளிகையில் வைக்க அவர் விரும்பினார். இதே காலத்தில் ஹூபர்ட் கோல்ட்ஸியஸ் என்ற ஓவியர், நெதர்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி எங்கும் சுற்றி, காசு சேர்ப்பவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பார்த்து, அவர்களுடைய பெயர்களை ஜாபிதாவாக வெளியிட்டார். தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் உண்டு. அவர்களில் போப்பாண்டவர் முதல் சாதாரண வைத்தியர் வரை இருந்தார்கள்.

வாங்குகிறவர்கள் பெருகினால் செய்கிறவர்களும் பெருகுவார்கள். பாதுவா நகரத்தில் 1500 முதல் 1570 வரை வாழ்ந்த ஜியோவானி தா கவீனோ, பழைய செஸ்டெர்டியஸைப் பார்த்துத் தாமே அச்சு வெட்டி, அசலையும் தோற்கடிக்கும் அழகோடு காசுகளை அடித்தார். ஏமாற்றுவதற்காகச் செய்தாரா, தம் வித்தையைக் காட்டுவதற்காகச் செய்தாரா என்று இன்றும் வாதிக்கிறார்கள். அவர் வெட்டிய அச்சுகள் பல பாரிஸில் பத்திரமாக இருக்கின்றன. 'பாதுவாக் காசு' என்றே அவற்றுக்கு இப்போது தனி விலையும் உண்டு. அவற்றைக் கண்டுபிடிப்பதற்கு நிபுணர்கள் கூறும் அடையாளம் விநோதமானது: அவை மிகவும் நன்றாக இருக்கும். அசல் காசின் விளிம்பு சுத்தியலடியில் பிளந்திருக்கும், வட்டம் கோணலாயிருக்கும், எழுத்தில் பாதி தகட்டுக்கு வெளியே போயிருக்கும். கவீனோவின் காசில் இந்தக் குறை எதுவும் இராது.

போலியைவிடப் பெரிய கேடு, அசலைத் திருத்தியதே. தேய்ந்த கேசத்தைக் கூர்மையான உளியால் மறுபடி இழை இழையாகக் கீறுவது, மேடு பள்ளமாயிருந்த பின்புலத்தை அரத்தால் மழித்துச் சமப்படுத்துவது, மங்கிய எழுத்தை ஊகத்தால் வெட்டித் துலக்குவது ஆகியவை பல தலைமுறைகள் குற்றமென்று கருதப்படாமல், சிற்பத்துக்கு மூக்கு ஒட்டவைப்பதுபோலத் திருப்பணியாகவே கருதப்பட்டன. அந்தக் காலத்தில் திருத்தப்பட்ட செஸ்டெர்டியஸ்களை இன்று ஏலத்தில் பார்த்தால், பேரனின் உபநயனத்துக்காகத் தலைமுடிக்கு மை பூசிக்கொண்ட கிழவரைப்போல, எதையோ மறைக்கும் சங்கடம் அவற்றில் தெரிகிறது.

பொன்னைச் சேர்ப்பவனுக்கும் பித்தளையைச் சேர்ப்பவனுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட ஒரு கதை உண்டு. பதினான்காம் லூயி மன்னருக்காகக் காசு தேடி 1674-இல் கடற்பயணம் போன ழான் ஃபுவா வையான், அல்ஜியர்ஸ் கடற்கொள்ளையரிடம் சிக்கிச் சில மாதம் சிறையிருந்து, விடுதலையாகித் திரும்பும் வழியில் மறுபடியும் ஒரு கொள்ளைக் கப்பல் துரத்துவதைக் கண்டு, தம்மிடமிருந்த பொற்காசுகளை விழுங்கிவிட்டார். கரைசேர்ந்த பின் வைத்தியரைத் தேடி ஓடினார். செஸ்டெர்டியஸை விழுங்க முடியாது. பித்தளைச் சேகரிப்புக்கு வயிற்றைவிடப் பெரிய அலமாரி வேண்டும். அதைவிட அதிகமாகப் பொறுமை வேண்டும்.

அந்தப் பொறுமையைக் கற்பித்தவர் வியன்னாவின் அரச நாணயத் தொகுப்பைப் பரிபாலித்த யோசஃப் எக்ஹெல். 1792 முதல் 1798 வரை எட்டு பாகங்களாக வெளிவந்த அவருடைய கிரந்தம், காசுகளைத் தேசவாரியாகவும் காலவரிசையாகவும் நிறுத்தி, சந்தேகத்துக்கிடமானவற்றைத் தயவின்றி விலக்கியது. அதுவரை முகத்துக்காகவும் அழகுக்காகவும் வாங்கியவர்கள், இனித் தேதிக்காகவும் இடத்துக்காகவும் வாங்கத் தலைப்பட்டார்கள். ஆனாலும் ஜாதிபேதம் ஒழியவில்லை. 'பெரும்பித்தளை', 'நடுப்பித்தளை', 'சிறுபித்தளை' என்று அளவை வைத்தே 19-ஆம் நூற்றாண்டுச் சேகரிப்பாளர்கள் காசுகளைப் பிரித்தார்கள். பெரும்பித்தளை கண்ணாடிப் பெட்டியில் வெல்வெட்டின் மேல் இருந்தது. கான்ஸ்டன்டைன் வம்சத்தாரின் சிறுபித்தளையை வியாபாரிகள் பிடி பிடியாக அள்ளி எடைக்கு விற்றார்கள்.

அந்தச் செல்லாக்காசுகளின் அருமை தெரியவந்தது, அவற்றின் அடியில் ஒதுங்கி நிற்கும் நாலைந்து எழுத்துகளை ஒருவர் பின் ஒருவராக ஆராய்ந்து படித்த பிறகே. ஒவ்வொரு நாணயச்சாலையும் தன் ஊரின் பெயர்ச் சுருக்கத்தையும், அடித்த பட்டறையின் எண்ணையும், அவ்வப்போது நட்சத்திரம், பிறை, இலை முதலிய ரகசிய அடையாளத்தையும் அங்கே இட்டது. அதிலும் பொறிகள் உண்டு. ஆர்ல் நகரத்துக்குக் கான்ஸ்டன்டினா என்று சிறிது காலம் பெயர் மாற்றியிருந்தார்கள் என்பதை அறியாதவர், அந்தக் காசைக் கான்ஸ்டான்டினோப்பிளில் அடித்ததென்று கொண்டு ஐரோப்பாவின் ஒரு கோடியை மறுகோடியில் வைத்துவிடுவார். மாட்டிங்லி, சைடன்ஹாம் என்ற அறிஞர்கள் 1923-இல் தொடங்கிய 'ரோமானிய ராஜ்யத்து நாணயங்கள்' என்ற பெருவரிசை பத்தாம் பாகத்தை எட்ட 1994 ஆயிற்று. கடைக்காலத்து வெண்கலக் காசுகளுக்கென்றே ஹில், கென்ட், கார்சன் என்ற மூவர் எழுதிய சிறு நூல் 1960-இல் வந்தது. அந்த நூல் வந்த பின், வசதியில்லாத ஒரு பள்ளி ஆசிரியரும் ஒரு பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, மாலை வேளைகளில் சிறுபித்தளையை ஊரும் ஆண்டும் சொல்லி அடுக்கிவிட முடிந்தது.

களிம்பின் ரகசியமும் இதற்குள் விளங்கியிருந்தது. செம்பு மண்ணுக்குள் கிடக்கும்போது காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து அதன் மேற்புறம் மெல்ல மெல்லக் கல்லாக மாறுகிறது. மாறும்போது அச்சின் உருவத்தை அப்படியே தாங்கிக்கொள்கிறது. எனவே, தலையும் எழுத்தும் பெரும்பாலும் அந்தக் களிம்பிலேயே இருக்கின்றன. கீழே உள்ள உலோகம் அரிப்புண்டு வெறுமையாயிருக்கும். கரும்பச்சையாய், மெருகேறியதாய், கெட்டியாய் இருக்கும் களிம்பு காசுக்குக் கவசம். வெளிறிய பச்சைத் தூளாய் உதிர்வது வேறு. மண்ணின் உப்பு உலோகத்துக்குள் புகுந்துவிட்டதால் வரும் அதற்கு 'வெண்கல நோய்' என்று பெயர், ஈரம் படப்படக் காசைத் தின்றுவிடும். நோய்க்கு மருந்து செய்வதும் கவசத்தைக் காப்பதும் சேகரிப்பவன் தர்மம். இரண்டையும் பிரித்தறியாத கையில் புளி அகப்பட்டால் என்ன நேரும் என்பதற்குச் சாட்சி நானே.

காசின் மேல் கை வைக்காதது போதாது, காசு கிடக்கும் பானையின் மேலும் கை வைக்கக்கூடாது என்ற பாடம் நம் காலத்தில் வந்தது. இங்கிலாந்தில் 1996-இல் இயற்றப்பட்ட புதையல் சட்டம், கண்டெடுத்தவர் தெரிவித்தால் உரிய விலையைப் பரிசாகப் பெறலாம் என்று வழி செய்தது. 2010-இல் சாமர்செட்டில் ஃப்ரோம் என்ற ஊருக்கு அருகே, உலோகங்காட்டும் கருவியோடு வயலில் திரிந்த ஒருவர், மண்ணுக்குள் ஒரு பெரும்பானையின் வாயைக் கண்டார். காசு கையில் தட்டுப்பட்ட அந்தக் கணத்தில் தோண்டுவதை நிறுத்திவிட்டு, ஆராய்ச்சியாளருக்குச் சொல்லி அனுப்பினார். அவர்கள் வந்து அடுக்கு அடுக்காக எடுத்தார்கள். 160 கிலோ எடையில் 52,503 காசுகள் இருந்தன. பானையில் இருந்தவற்றுள் காலத்தால் பிந்தியவை கரௌசியஸ் என்ற கலகக்கார மன்னனின் காசுகள். அவற்றில் பெரும்பகுதி பானையின் மேல்மட்டத்தில் இல்லை, பாதிக்கும் கீழே இருந்தது. ஆண்டுக்கணக்கில் உண்டியல்போல் சிறுகச் சிறுகப் போட்டிருந்தால் புதிய காசு மேலேயல்லவா இருக்கவேண்டும்? எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கொட்டியிருக்கிறார்கள் என்பது இதனால் தெரிந்தது. அந்த மனிதர் ஆவல் மிகுந்து கைகளால் அள்ளியிருந்தால் காசு முழுவதும் கிடைத்திருக்கும்; இந்தச் செய்தி மாத்திரம் கிடைத்திராது.

நம் நாட்டுக்கும் இந்தக் காசுகளுக்கும் உள்ள சம்பந்தத்தைக் கடைசியில் சொல்ல வைத்திருந்தேன். இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டெர்டியஸை உறிஞ்சிவிடுகிறது என்று ரோமானிய ஆசிரியர் பிளினி புலம்பினார். கணக்கு பித்தளையில் இருந்தாலும், கொடுத்தது பொன்னும் வெள்ளியுமே. மிளகுக்கும் முத்துக்கும் ஈடாகத் தமிழ்நாட்டுக்கு வந்த அந்தக் காசுகள் இங்கே எடைக்குப் பெற்ற உலோகமாகவே மதிக்கப்பட்டன போலும். 1898-இல் புதுக்கோட்டைச் சீமையில் கிடைத்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் முகத்துக்குக் குறுக்கே உளிவெட்டு விழுந்திருந்தது. ஆனால் நான்கு, ஐந்தாம் நூற்றாண்டுகளின் சின்னஞ்சிறு செப்புக் காசுகள் மதுரையிலும் கரூரிலும் இலங்கையிலும் வந்து குவிந்தது வேறு கதை. செம்பை எடைக்காக இவ்வளவு தூரம் யாரும் சுமக்கமாட்டார்கள். 1904-இல் இந்தியாவில் கிடைத்த ரோமானியக் காசுகளைத் தொகுத்து எழுதிய ராபர்ட் சூவெல், மதுரைக் காசுகளை வைத்து, அன்றாடச் செலவுக்குச் சில்லறை வைத்துக்கொண்டு யவனர் அங்கே குடியிருந்திருக்க வேண்டும் என்று ஊகித்தார். பின்னால் வந்தவர்கள், காசுகளின் மிகுந்த தேய்மானத்தையும், இலங்கையில் அவற்றைப் பார்த்து உள்ளூரிலேயே அடித்த கரடுமுரடான நகல்கள் ஏராளமாகக் கிடைப்பதையும் கவனித்து, அவற்றை வைத்துச் சந்தைக்குப் போனவர்கள் நம்மவர்களாகவே இருக்கலாம் என்று கருதுகிறார்கள். தமிழ்நாட்டில் இவற்றைச் சிரத்தையோடு தேடி, கரூர், மதுரை, திருக்கோவலூர்ப் பகுதிகளில் கிடைத்தவற்றை 1994-இல் நூலாக வெளியிட்டவர் நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி.

ரோமாபுரியில் மதிப்பிழந்து, வியாபாரிகள் எடைக்கு விற்ற அதே சிறுபித்தளை, வைகைக் கரையில் ஒரு பெரிய கேள்வியாக நிற்கிறது. அந்தக் கேள்விக்கு விடை காசின் முகத்தில் இல்லை. அது எந்த மண்ணில், எந்தப் பானையோட்டுக்குப் பக்கத்தில், எந்தப் பாண்டியக் காசோடு சேர்ந்து கிடந்தது என்பதிலேயே இருக்கிறது. ஆற்றுமணலை அரித்து எடுத்து, பழம்பாத்திரக் கடைகளிலும் சந்தைகளிலும் விற்ற ஆயிரக்கணக்கான காசுகளைப் பற்றி அந்தச் செய்தி போனது போனதுதான். 1878 முதல் நம் நாட்டிலும் புதையல் சட்டம் உண்டு. ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தேய்ந்த ஒரு செப்புத் துளியைப் புதையல் என்று யார் நினைத்து யாரிடம் ஒப்படைக்கப் போகிறார்கள்?

பெரியப்பா கொடுத்த காசு இன்னும் என்னிடம் இருக்கிறது. புளிபட்ட சிவப்பு நாளடைவில் மறைந்து, காற்றுப்பட்டுப் பட்டு அதன் மேல் மறுபடியும் பழுப்பு நிறத்தில் ஒரு மெல்லிய படலம் ஏறியிருக்கிறது. தலை திரும்பி வரவில்லை. அந்தப் பக்கம் தியோடோசியஸா, அவர் மகன் அர்க்காடியஸா, அல்லது இலங்கைக் கொல்லன் ஒருவன் பார்த்து அடித்த நகலா என்பதை இனி எந்த நிபுணராலும் சொல்ல முடியாது. அதை ஒரு காகித உறையில் இட்டு, மேலே 'மதுரை, வைகை மணல்' என்ற மூன்று சொற்களை எழுதி வைத்திருக்கிறேன். நான் அழிக்காமல் விட்டது அவ்வளவுதான். பெரியப்பா வாய்வார்த்தையாகச் சொன்ன அந்த இடப்பெயரைக் கிணற்றடியில் தேய்க்க முடியவில்லை.